மூன்றாம் இடத்துப் பையன்

தான் பாழாக்கிய பையனைப் பற்றிப் பேசும்போதுகூட பிரஸ்டன் க்வில் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"போன வாரம் உன் வரிசையில எல்லிஸ் மெரிவெதர் மூணாவது. இன்னைக்கு இருபத்தி ரெண்டாவது. நடுவுல அவன் ஒரு ஆட்டம்கூட ஆடல. எப்படிப்பா?" என்று கேட்டாள் துப்பறியும் லொரெய்ன் ஸ்டெபானிக்.

"வீடியோ வந்துச்சு, அவனைக் கீழ இறக்கிட்டேன்" என்றான் பிரஸ்டன், வாய் நிறைய.

அவளுடைய உதவியாளன் டெஸ் அந்த நிலவறையைச் சுற்றிப் பார்த்தான். அப்பா அம்மா வீட்டின் அடித்தளம். ஒரு கட்டில், இரண்டு கம்ப்யூட்டர், துவைக்காத சாக்ஸ் ஒரு குவியல். இங்கிருந்து இணையத்தில் கிளம்பும் வரிசையைத்தான் இந்தியானா மாநிலம் மட்டுமல்ல, நாடே காலையில் எழுந்ததும் படிக்கிறது. நாளை மறுநாள் டிராஃப்ட். கூடைப்பந்து அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, புதுப் பையன்களில் தங்களுக்கு வேண்டியவனைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள். முதலில் அழைக்கப்படுகிறவனுக்குக் கிடைப்பது ஒரு வாழ்க்கை. கடைசியில் அழைக்கப்படுகிறவனுக்குக் கிடைப்பது ஒரு வாய்ப்பு மட்டும்.

"தம்பி, நீ வெளிச்சம் பார்த்து எத்தனை நாளாச்சு? காளான்கூட உன்னைவிட நல்ல நிறமா இருக்கு" என்றான் டெஸ்.

"டெஸ், சும்மா இரு. பிரஸ்டன், அதைப் போடு" என்றாள் லொரெய்ன்.

திரையில் வீடியோ ஓடியது. ஏதோ பயிற்சிக்கூடம். ஒட்டகச்சிவிங்கி போல உயர்ந்த எல்லிஸ், இடது காலை இழுத்து இழுத்து நடந்து வருகிறான். வலது கை பின்னிடுப்பைத் தாங்கியிருக்கிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பார்வையாளர் படிகளில் நாலு படி ஏறுகிறான். ஓரத்தில் ஒரு பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். சத்தமே இல்லை. அவ்வளவுதான்.

"பாவம், அந்தப் பொண்ணு அழுவுது. முழங்கால் போயிடுச்சு. யாரு அனுப்பினாங்கன்னு தெரியாது. எனக்கும் வந்துச்சு, எல்லா அணிக்கும் போயிருக்கு" என்றான் பிரஸ்டன்.

"எல்லிஸோட ஏஜென்ட் புது ஸ்கேன் அனுப்பினாரே, காலு சுத்தமா இருக்குன்னு?" என்றாள் லொரெய்ன்.

"ஏஜென்ட் கொடுக்குற ஸ்கேனா? பழைய கார் விக்கிறவன், 'ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டும் ஓட்டின வண்டி'ன்னு சொல்வானே, அந்த ரகம்."

லொரெய்ன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இந்த வேலைக்கு வருமுன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க்காயக்காரர்களைப் பின்தொடர்ந்தவள். ஊன்றுகோலோடு கோர்ட்டுக்கு வந்து, சாயங்காலம் நடனமாடப் போகிறவர்களைப் பிடித்துக் கொடுத்தே பாதி வாழ்க்கை போனது.

"டெஸ், உனக்கு இடது முழங்கால் போயிடுச்சு. அந்தப் படியில மேல ஏறு."

"பாஸ், என் எடைக்கு ரெண்டுமே போய் ரொம்ப நாளாச்சு."

"இடது மட்டும்னு வச்சுக்கோ. ஏறு."

டெஸ் முனகிக்கொண்டே நிலவறைப் படியில் வலது காலை வைத்து உடம்பைத் தூக்கி, இடது காலைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டான்.

"நில்லு. ஏன் வலது காலை முதல்ல வச்சே?"

"பின்ன? நல்ல காலுதானே என்னைத் தூக்கணும்? போன காலை வச்சு ஏறினா..." டெஸ் பாதியில் நிறுத்தினான். திரும்பித் திரையைப் பார்த்தான். "அட!"

எல்லிஸ் ஒவ்வொரு படியிலும் முதலில் வைத்தது இடது காலை. இழுத்துக்கொண்டு வந்த அதே காலை.

"அந்தக் காலு வலிக்கல. நொண்டுற மாதிரி நடிக்கிறான்" என்றாள் லொரெய்ன்.

பிரஸ்டன் வாயருகே கொண்டுபோன ஸ்பூனை இறக்கினான். டெஸ்ஸுக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் ஸ்பூன் மறுபடி மேலே போனது.

"பொய்யா இருக்கலாம். சரி."

"என்ன சரி? வரிசையை மாத்து!"

"எப்படி மாத்தறது? நான் வீடியோவை நம்பி அவனை இறக்கல. மத்தவங்க நம்புவாங்கன்னு இறக்கினேன். யாரு நல்லா ஆடுறான்னு இல்ல, யாரை எத்தனாவதா கூப்பிடுவாங்கன்னுதான் என் வரிசை."

"அது பொய்னு எல்லாருக்கும் தெரிஞ்சிட்டா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சா போதாது மேடம். எல்லாருக்கும் தெரியும்னு எல்லாருக்கும் தெரியணும். அதுக்கு ரெண்டு நாள் பத்தாது."

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் டெஸ் கேட்டான்: "முதலாவதா எடுக்கப்படணும்னு தவம் கிடக்குற பையன் எதுக்கு பாஸ் நொண்டுற மாதிரி நடிக்கணும்? மாப்பிள்ளை பார்க்க வர்ற அன்னைக்கு மொட்டை அடிச்சுக்குற மாதிரி இருக்கே?"

"அதைத்தான் கேட்கப் போறோம்."

அவர்களை இந்த வேலையில் இறக்கியவர் வாரன் ஸ்ட்ரூப். டுலூத் அணிக்கு ஆள் பொறுக்கும் தலைமைப் பொறுப்பு அவருடையது. மெரில்வில் நெடுஞ்சாலை ஓட்டலில் காபியோடு உட்கார்ந்தபடியே அவர்களுக்குக் கை கொடுத்து, "வீடியோ நிஜமா பொய்யா, அதை மட்டும் கண்டுபிடிங்க. நல்ல பையன், பாவம்" என்று சொல்லியிருந்தார். விஷயம் வெளியே போகக் கூடாது என்று ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அந்த 'பாவம்' டெஸ்ஸுக்குப் பிடித்திருந்தது.

கேரி நகரத்தில் மெரிவெதர் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். தெருவிலேயே அந்த வீட்டு வாசலில்தான் கூடைப்பந்து வளையத்துக்குப் புது வலை. எல்லிஸ் வீட்டில் இல்லை. கடைசி நேரப் பயிற்சிக்காக ஏஜென்ட் சிகாகோவில் அடைத்து வைத்து, போனையும் பிடுங்கி வைத்திருந்தார்.

அவன் அம்மா டொலோரிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். யார் என்ன என்று விசாரிப்பதற்கு முன்பே இருவரையும் சமையலறையில் உட்கார வைத்து, சோளமாவு தோய்த்துப் பொரித்த கெளுத்தி மீனைத் தட்டில் போட்டாள்.

"சாப்பிடு ராசா. துக்க வீட்டுக்கு வந்த மாதிரி முழிக்காதே."

"துக்க வீட்டுல இப்படி மீன் போட்டா, நான் தினம் ஒரு சாவுக்குப் போவேன்மா" என்றான் டெஸ்.

அடுப்பருகே நின்றிருந்த மகள் இமானிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண் வீங்கியிருந்தவள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லொரெய்ன் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வீடியோவுல இருக்கிறது நீதானேம்மா? அன்னைக்கும் நீ அழல. சிரிச்சே."

இமானியின் கை இறங்கவில்லை. ஆனால் சிரிப்பு போய்விட்டது. அப்புறம் அழுகை வந்தது. அதற்கு அவள் வாயைப் பொத்தவில்லை.

"என்னாலதான் எல்லாம்" என்றாள். "அந்த வாரம் அவன் பயிற்சியைப் பார்க்க ஏகப்பட்ட டீம் ஆளுங்க வந்தாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி காலர் சட்டை, ஒரே மாதிரி சிரிப்பு. அதுல ஒருத்தரு காலை இழுத்து இழுத்து நடப்பாரு. அவரு போனப்புறம் தம்பி அவரை மாதிரியே நடந்து காட்டினான். சின்ன வயசுல இருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம். பாதிரியாரைக்கூட விட மாட்டான். நான் போனைத் தண்ணி பாட்டில்ல சாய்ச்சு வச்சு எடுத்து, சும்மா நெட்ல போட்டேன். நாங்க சிரிக்கிற சத்தம்லாம் அதுல இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல எனக்கே தப்புன்னு தோணி எடுத்துட்டேன். அதுக்குள்ள யாரோ அதைப் பிடிச்சு, சத்தத்தை வெட்டிட்டு..."

"முழு வீடியோ இருக்கா?"

"பயத்துல அழிச்சிட்டேன்." அவள் போனை நீட்டினாள். டெஸ் மூலைமுடுக்கெல்லாம் துழாவிப் பார்த்தான். துடைத்து வைத்தது போல் இருந்தது.

"ஏஜென்ட்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'வாயைத் திறக்காதே. டீம் ஆளை, அதுவும் கால் ஊனமான ஆளைக் கிண்டல் பண்ணான்னு தெரிஞ்சா, அது முழங்காலைவிட மோசம்'னுட்டாரு."

"அந்த ஆளு எந்த டீம்?"

"தெரியாதுங்க. பேரும் கேட்டுக்கல."

டொலோரிஸ் அடுப்பை அணைத்தாள். "நான் பஸ் ஓட்டறவம்மா. கதவை மூடிட்டு நகர்ந்தப்புறம்கூட ஒரு பிள்ளை பையைத் தூக்கிட்டு ஓடி வந்தா நிறுத்துவேன். இத்தனை பேர்ல ஒருத்தராவது என் புள்ளைக்கு நிறுத்த மாட்டாங்களா?"

"நிறுத்துவாங்க. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள உண்மை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயிடும். நான் சொல்றேன்" என்றாள் லொரெய்ன்.

டெஸ் நிமிர்ந்து பார்த்தான். யாருக்கும் வாக்குக் கொடுக்காதவள் அவள். நாளைக்கு மழை வருமா என்றால்கூட 'வந்தா பார்க்கலாம்' என்பவள்.

மெரில்வில் ஓட்டலில் ஸ்ட்ரூப் அதே மேசையில் அதே நாற்காலியில் இருந்தார். லொரெய்ன் எல்லிஸ் படி ஏறிய விதத்தைச் சொன்னாள். சிரித்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள். யாரோ ஒரு அணி ஆளின் நடையைப் பார்த்து நடித்ததைச் சொன்னாள். டெஸ் அதற்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வரவழைத்துவிட்டான்.

"அந்தப் பையன் காலு தங்கம் சார். நீங்க வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், எல்லா அணியும் திரும்பிப் பார்க்கும்" என்றான்.

"முழு வீடியோ யார்கிட்டயாவது இருக்கா?" என்று கேட்டார் ஸ்ட்ரூப்.

"இல்ல."

"நல்லாத் தேடினீங்களா?"

"என் கையாலயே பார்த்தேன் சார். சுத்தமா இல்ல."

"நல்லது" என்றார் ஸ்ட்ரூப்.

அந்த 'நல்லது' டெஸ்ஸை உறுத்தியது. கெட்ட செய்திக்கு யாராவது நல்லது என்பார்களா? அவன் யோசித்து முடிப்பதற்குள் ஸ்ட்ரூப்பின் போன் அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லி எழுந்தார்.

எழுந்து நடந்தார்.

இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. வலது கை தானாகப் போய்ப் பின்னிடுப்பைத் தாங்கிக்கொண்டது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வாசலுக்குப் போக இரண்டு படி ஏற வேண்டும். அதில் மட்டும் அவர் நல்ல காலை, வலது காலை, முதலில் வைத்தார். எல்லிஸ் அவரைச் சமதரையில்தான் பார்த்திருக்கிறான். நடையை அச்சாகப் பிடித்தவன் படியில் கோட்டை விட்டுவிட்டான்.

டெஸ் வாயில் போட்ட ஆப்பிள் பையை விழுங்க மறந்தான்.

ஸ்ட்ரூப் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கு முதல்லயே தெரியும்" என்றாள் லொரெய்ன்.

"எவனுக்கும் தன் நடை தெரியாது மேடம்" என்றார் அவர், கோபமில்லாமல். "வீடியோவைப் பார்த்துட்டு என் பொண்டாட்டிதான் விழுந்து விழுந்து சிரிச்சா. 'ஐயோ, இது நீங்கதான்!'னா. எனக்குக்கூட சிரிப்பு வந்துச்சு. கெட்டிக்காரப் பையன்."

"அப்போ எங்களை எதுக்கு அனுப்பினீங்க?"

"இதை வேற யாராவது கண்டுபிடிச்சிட முடியுமான்னு தெரியணும். கைவசம் ஆதாரம் இருக்கான்னு தெரியணும். நீங்க ஊர்லயே கெட்டிக்காரங்கன்னு சொன்னாங்க. உங்களுக்கே கையில ஒண்ணும் மாட்டல. இனி நிம்மதி."

"சத்தத்தை வெட்டி அனுப்பினது நீங்களா?" என்றான் டெஸ்.

"நான் அனுப்பல. வந்ததைத் திருத்தல. அவ்வளவுதான்." காபியைக் கலக்கினார். "எங்களுக்கு முறை பதினேழாவது. மூணாவதா போக வேண்டிய பையன் எங்க வாசலுக்கு எப்போ வருவான், சொல்லுங்க? நான் அவனுக்குக் கெடுதல் பண்ணலியே. வேலை கொடுக்கப் போறேன்."

"பாதிச் சம்பளத்துக்கு."

"அதுவும் அவன் ஊர்ல கிடைக்கிற சம்பளத்தைவிட நூறு மடங்கு. மேடம், கையெழுத்து போட்டிருக்கீங்க. துப்பறியும் லைசென்ஸும் வச்சிருக்கீங்க. வெள்ளிக்கிழமை டிராஃப்ட் முடியுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. ஆப்பிள் பை நல்லா இருக்கா தம்பி?"

ஓட்டலின் கார் நிறுத்துமிடத்தில் வெயில் தகித்தது. லொரெய்ன் காரின் மேல் சாய்ந்து நின்று போனை எடுத்தாள்.

"பாஸ், லைசென்ஸ் போயிடும்."

"போகட்டும்."

முதலில் சார்லி என்று ஒரு பழைய நண்பன். மூன்றாவதாக ஆளை எடுக்கப்போகும் அணியில் வேலை பார்க்கிறவன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, "உன்னை யாரு வேலைக்கு வச்சது?" என்றான்.

"அதைச் சொல்ல முடியாது."

"அப்போ ஏஜென்ட்தான். லொரெய்ன், நீயுமா காசுக்கு இப்படி?" போன் வைக்கப்பட்டது.

அடுத்த அணிக்குப் போட்டாள். அதே கேள்வி வந்தது. இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்ட்ரூப்பின் பெயரைச் சொல்லிவிட்டாள். மறுமுனையில் ஒரு நீளமான சிரிப்பு.

"டுலூத் ஆளுங்களா? பலே! கால் உடைஞ்ச பையனை எங்க தலையில கட்டிட்டு, எங்களுக்கு வர வேண்டியவனை அவங்க தள்ளிட்டுப் போகப் பார்க்கிறாங்களா? ஸ்ட்ரூப்கிட்ட சொல்லுங்க, நாங்க நேத்து பொறந்தவங்க இல்லன்னு."

பெயரைச் சொல்லாவிட்டால் ஏஜென்டின் பொய். சொன்னால் ஸ்ட்ரூப்பின் சூழ்ச்சி. உண்மைக்கு நிற்க இடமே இல்லை. இன்னும் சிலரிடம் முயன்றாள். பாதிப் பேர் எடுக்கவே இல்லை. கடைசியாகப் பிரஸ்டன். "எழுதறேன் மேடம், 'ஒரு வதந்தி'ன்னு. ஆனா இன்னைக்கு மட்டும் அவனைப் பத்தி எனக்கு ஏகப்பட்ட வதந்தி வந்திருக்கு. இதுவும் அதுல ஒண்ணா நிக்கும்."

காரில் திரும்பும்போது டெஸ் மெல்லக் கேட்டான். "அந்த வீட்டுலயாவது சொல்லிடலாமா?"

"சொல்லி?" லொரெய்ன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "எந்த ஆளுகிட்ட அவன் நாலு வருஷம் வேலை பார்க்கணுமோ, அந்த ஆளை முதல் நாளே வெறுக்கச் சொல்றதா? வேற யாரும் அவனை எடுக்கப் போறதில்ல டெஸ். ஸ்ட்ரூப்பும் கை விட்டுட்டா, பையன் தெருவுலதான்."

டெஸ் ரேடியோவைப் போட்டான். அதிலும் டிராஃப்ட் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அணைத்தான்.

டிராஃப்ட் அன்று சாயங்காலம் டொலோரிஸ் விடாப்பிடியாக இருவரையும் வீட்டுக்கு அழைத்திருந்தாள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். சிகாகோவிலிருந்து வந்துவிட்ட எல்லிஸ், சோபாவில் முழங்கால்கள் மார்பு வரை உயர உட்கார்ந்திருந்தான். அந்த முழங்கால்களைப் பார்க்காமலிருக்க டெஸ் படாத பாடு பட்டான்.

முதல் பெயர் வந்தது. இரண்டாவது. மூன்றாவதாக, எல்லிஸ் பள்ளியில் இரண்டு முறை தோற்கடித்த ஒருவன் பெயர். எல்லிஸ் கைதட்டினான். "நல்ல பையன். தகுதியானவன்" என்றான். ஒவ்வொரு பெயருக்கும் வீட்டில் யாரோ ஒருவர் எழுந்து சமையலறைக்குப் போனார்கள். போனவர்கள் எதையும் எடுத்துவரவில்லை. பத்தாவதுக்கு மேல் டொலோரிஸ் திரைக்கு முதுகைக் காட்டி, ஏற்கெனவே மடித்த துண்டுகளைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

பதினேழாவது. டுலூத்.

"எல்லிஸ் மெரிவெதர்..."

மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை. வீடு அதிர்ந்தது. எல்லிஸ் அம்மாவைத் துண்டுகளோடு சேர்த்துத் தூக்கிச் சுற்றினான். திரையில் டுலூத் அணியின் அறையைக் காட்டினார்கள். எல்லாரும் எழுந்து கை குலுக்க, நடுவில் ஒருவர் காலை இழுத்து இழுத்து, பின்னிடுப்பில் கை வைத்தபடி நடந்து வந்தார்.

"ஏய்..." எல்லிஸ் அம்மாவைக் கீழே இறக்கினான். அவன் முகம் சிவந்தது. "அக்கா, அந்த ஆளு! நான் கிண்டல் பண்ணேனே, அவரு! என்னை எடுத்தது அவரா? சே, எவ்வளவு பெரிய மனசு பாரேன்."

இமானி சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தாள். அப்புறம் லொரெய்னைப் பார்த்தாள். லொரெய்ன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். இமானியின் முகத்தில் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்வதை டெஸ் பார்த்தான். அவனால் அதைத் தடுக்க முடியவில்லை.

போன் அடித்தது. எல்லிஸ் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்தான். டொலோரிஸ் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, நான் அவன் அம்மா. எல்லாரும் கதவைச் சாத்திட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் என் புள்ளையை நம்பினீங்க. கடவுள் உங்களை நல்லா வைக்கணும்."

"உண்மைம்மா" என்றது ஸ்ட்ரூப்பின் குரல், வீடு முழுக்க. "நம்பினதோட விடல. உங்க பையன் மேல வந்த பழி பொய்தான்னு தெரிஞ்சுக்க, என் செலவுல ரெண்டு துப்பறியும் ஆளுங்களைக்கூட அனுப்பினேன். அவங்க வந்தாங்களா?"

டொலோரிஸ் திரும்பினாள். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"நீங்க இவரு அனுப்பின ஆளுங்களா? சொல்லவே இல்லியே!" ஓடி வந்து லொரெய்னைக் கட்டிக்கொண்டாள். "அன்னைக்குச் சொன்னீங்களே, ஒருத்தர் நிறுத்துவாங்கன்னு. நிறுத்திட்டாங்க பாருங்க! இந்தாங்க, நீங்களும் அவருக்கு நன்றி சொல்லுங்க."

போனை லொரெய்னின் கையில் திணித்தாள்.

டெஸ் ஏதாவது ஒரு கிறுக்குத்தனம் பண்ணி அந்தப் போனைப் பிடுங்கிவிடலாமா என்று பார்த்தான். அவன் கையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் மீன் இருந்தது. எல்லிஸ் அவன் தோளில் கை போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மேடம்? ரொம்ப நல்ல வேலை பண்ணீங்க. ஹலோ?" என்றது போன்.

லொரெய்ன் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

டொலோரிஸ் லொரெய்னின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"பாவம் ஐயா" என்று போனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "சந்தோஷத்துல அவங்களுக்குப் பேச்சே வரல."